ஸ்கோர்ஸ்பி சுண்ட் கரையும் அதன் ஒரே ஊரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்க்டிக் கரைகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே கிழக்கு கிரீன்லாந்து பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதிலும் ஸ்கோர்ஸ்பி சுண்ட் என்ற பெரிய ஃபியோர்டின் வாயில் இருக்கும் சின்ன ஊரைப் பற்றி. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். ஊரின் பெயர் இட்டொக்கொர்டூர்மிட். ஒவ்வொரு முறையும் இதை எழுதினால் எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். இனிமேல் 'ஊர்' என்றால் இதுதான்.

இது எங்கே இருக்கிறது? மேப்பில் தேடினால் கண்ணில் படவே இல்லை.

முதலில் ஐஸ்லாந்தைப் பிடியுங்கள். அதன் வடமேற்கு மூலையிலிருந்து நேர் வடக்கே சுமார் 500 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் கிரீன்லாந்தின் கிழக்குக் கரை வரும். அங்கே நிலத்துக்குள் ஆழமாக நுழையும் ஒரு பெரிய கடல் கிளை தெரியும், அதுதான் ஸ்கோர்ஸ்பி சுண்ட். அதன் வடக்கு உதட்டில், லிவர்பூல் லாண்ட் என்ற மலைப்பகுதியின் தென்முனையில் ஊர் இருக்கிறது. வட அட்சரேகை சுமார் 70.5 டிகிரி.

அக்கம்பக்கம் என்று சொல்ல எதுவும் கிடையாது. கிழக்குக் கரையில் மக்கள் வாழும் இன்னொரு பகுதி, பழைய பெயரில் அம்மசாலிக் எனப்படும் டாசீலாக்கும் அதைச் சுற்றிய சிற்றூர்களும். அது தென்மேற்கே சுமார் 800 கிலோமீட்டர். நடுவில் இருக்கும் புளோஸ்வில் கரையில் ஆளே இல்லை. ஆக, இந்த ஊர்க்காரர்களுக்கு சொந்த நாட்டின் அடுத்த ஊரைவிட ஐஸ்லாந்துதான் பக்கம்.

கிரீன்லாந்து முழுக்கப் பனிக்கட்டிதானே? வீடு கட்ட நிலம் எங்கிருந்து வந்தது?

ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு பனிதான். அந்தப் பனிவிரிப்பு தீவின் நடுப்பகுதியை மூடியிருக்கிறது. ஓரங்களில் பாறை நிலம் வெளியே தெரிகிறது. நாட்டின் சுமார் 57,000 பேரும் அந்த ஓரங்களில்தான் வாழ்கிறார்கள், பெரும்பாலோர் மேற்குக் கரையில்.

கிழக்குக் கரையின் பல இடங்களில் பனிவிரிப்பு கிட்டத்தட்ட கடல்வரை வந்துவிடும். ஸ்கோர்ஸ்பி சுண்ட் பகுதியிலும் அதற்கு வடக்கேயும் மட்டும் அது உள்ளே தள்ளி நிற்கிறது. மலை, பள்ளத்தாக்கு, புல்வெளி எல்லாம் சேர்ந்து ஓர் அகலமான நிலப்பட்டை கிடைத்திருக்கிறது.

உலகத்திலேயே பெரிய ஃபியோர்டு என்கிறார்களே, அப்படி என்ன பெரிது?

ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடம். இங்கே அப்படி ஒன்றல்ல, ஒரு குடும்பமே இருக்கிறது. வாயிலிருந்து மிக நீண்ட கிளையின் கடைசிவரை சுமார் 350 கிலோமீட்டர். நார்ட்வெஸ்ட்ஃபியோர்டு என்ற கிளையில் ஆழம் 1,400 மீட்டரைத் தாண்டுகிறது. அதன் தலைப்பகுதியில் டாகார்ட்-யென்சன் பனியாறு ஓயாமல் பனிமலைகளை உடைத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஃபியோர்டுக்குள் மிதக்கும் பனிமலைகளில் பல அங்கே பிறந்தவைதான். நடுவில் இருக்கும் மில்னே லாண்ட் என்ற தீவே ஒரு மாவட்ட அளவுக்கு இருக்கும்.

எனக்குப் பிடித்த விஷயம் இதன் கரைகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருப்பது. தெற்குக் கரை, சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அட்லாண்டிக் பிளந்து திறந்தபோது வழிந்த எரிமலைக் குழம்பு. அடுக்கடுக்கான கறுப்பு பசால்ட் சுவர்கள் தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழும்புகின்றன. அங்கே ஊர் கட்ட இடமே இல்லை. வடக்கே ஜேம்சன் லாண்ட் தாழ்வான, அலை அலையான புல்நிலம். கஸ்தூரி எருதுகள் மேய்வதும், கோடையில் வாத்துக் கூட்டங்கள் இறகு உதிர்ப்பதும் அங்கேதான். டைனோசர் எலும்புகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. 'இஸி சானெக்' என்று 2021-ல் பெயர் சூட்டப்பட்ட இனம் இந்த மண்ணிலிருந்து வந்தது. ஊர் நிற்கும் லிவர்பூல் லாண்டோ மிகப் பழைய, இறுகிய பாறை, கூர்மையான சிகரங்கள். மேற்கே உள்ளே போனால் பாறை செக்கச்செவேலென்று மாறும்.

ஐஸ்லாந்துத் துறைமுகங்கள் வருடம் முழுக்க ஓடுகின்றன. 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இங்கே மட்டும் ஏன் ஒன்பது மாதம் கடல் மூடிக்கிடக்கிறது?

அட்சரேகை ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் நீரோட்டம். ஐஸ்லாந்தைத் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் தொட்டுச் செல்கிறது. கிழக்கு கிரீன்லாந்தை உரசிக்கொண்டு போவது ஆர்க்டிக் பெருங்கடலிலிருந்து இறங்கும் குளிர்ந்த நீரோட்டம். கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்துக்கும் இடையிலுள்ள ஃப்ராம் நீரிணை வழியாக அது வரும்போது, வட துருவப் பக்கத்தில் உறைந்த தடித்த கடல்பனியையும் சுமந்து வருகிறது.

இதனால் கரைக்கு முன்னால் உடைந்த பனிப்பாளங்களின் பட்டை ஒன்று தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். ஜூலைக் கடைசியில்தான் அதில் வழி கிடைக்கும், செப்டம்பரில் மூட ஆரம்பிக்கும். 1869-ல் வந்த ஜெர்மானியப் பயணக்குழுவின் 'ஹன்சா' என்ற கப்பலை இந்தப் பனி நசுக்கியது. மாலுமிகள் ஒரு பனிப்பாளத்தின் மேலேயே மாதக்கணக்கில் தெற்கே மிதந்துபோய், கடைசியில் படகில் ஏறி உயிர் தப்பினார்கள்.

அப்படிப்பட்ட இடத்தை ஏன்தான் தேர்ந்தெடுத்தார்கள்?

மேலே சொன்ன கடல்பனியில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஃபியோர்டின் வாயில், நீரோட்டமும் காற்றும் சேர்ந்து பனியைத் தள்ளிவிடுவதால் நடுக் குளிர்காலத்திலும் உறையாத நீர்ப்பரப்பு ஒன்று கிடைக்கிறது. அறிவியலில் இதை போலின்யா என்பார்கள். சீல், வால்ரஸ், நார்வால் (நீண்ட தந்தம் கொண்ட ஒரு திமிங்கில வகை) எல்லாவற்றுக்கும் மூச்சுவிடத் திறந்த நீர் வேண்டும். அவற்றைத் தேடிக் கரடி வரும். எல்லாவற்றையும் தேடி மனிதன் வருவான். வேட்டையை நம்பிய குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

ஊரை ஃபியோர்டின் அமைதியான உட்பகுதியில் கட்டாமல், அலையும் காற்றும் அடிக்கும் வாயில் கட்டியதும் இதனால்தான். உள்ளே இதமான கோடை உண்டு, செடி கொடி உண்டு, ஆனால் குளிர்காலம் முழுக்கக் கடல் இறுகிக் கிடக்கும்.

ஊர் உருவானது 1925-ல். அதற்கு முன்னால் அங்கே யாருமே இல்லையா?

இருந்தார்கள். வடகிழக்கு கிரீன்லாந்தில் நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய மனிதத் தடங்கள் கிடைத்திருக்கின்றன. கடைசியாக வந்தவர்கள் ஆர்க்டிக் பூர்வகுடிகளான இன்றைய இனுயிட் மக்களின் முன்னோர்கள், அதாவது தூலே பண்பாட்டினர். 1822-ல் விட்பியைச் சேர்ந்த திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர் வில்லியம் ஸ்கோர்ஸ்பி இந்தக் கரையை வரைபடமாக்கினார். ஃபியோர்டுக்குத் தன் அப்பாவின் பெயரையும், பக்கத்து நிலத்துக்கு எடின்பரோ பேராசிரியர் ஜேம்சனின் பெயரையும் வைத்தார். கரையில் இறங்கியபோது கைவிடப்பட்ட குடியிருப்புகளைப் பார்த்தார், ஆட்களைப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1823-ல், கிளேவரிங் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி இன்னும் வடக்கே ஒரு தீவில் 12 பேர் கொண்ட இனுயிட் குழுவைச் சந்தித்தார். சில நாள் பழகினார்கள். பிறகு ஒருநாள் அவர்கள் கூடாரத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வடகிழக்குக் கரையின் பூர்வகுடிகளை வெளியார் பார்த்தது அதுவே கடைசி. பின்னால் வந்த பயணிகளுக்கு வீட்டு அடித்தளங்களும் கல்லறைகளும்தான் கிடைத்தன. அதனால் 'ஆளில்லாத நிலம்' என்று யாராவது எழுதியிருந்தால், 'அப்போது ஆளில்லாத நிலம்' என்று திருத்திப் படியுங்கள்.

சரி, 1925-ல் வந்தவர்கள் யார்? யார் கூட்டி வந்தது?

ஏய்னார் மிக்கெல்சன் என்ற டேனிஷ் பயணி, அதாவது டென்மார்க்காரர். கிரீன்லாந்து டென்மார்க் அரசின் கீழ் இருக்கும் நாடு. 1909 முதல் 1912 வரை வடகிழக்கு கிரீன்லாந்தில் அலைந்து, கூட்டாளி ஐவர் ஐவர்சனோடு செத்துப் பிழைத்தவர். 1924-ல் கப்பலில் மரமும் ஆட்களும் கொண்டுவந்து வீடுகள் கட்ட ஏற்பாடு செய்தார். அடுத்த ஆண்டு 'குஸ்தாவ் ஹோல்ம்' என்ற கப்பலில் சுமார் 80 பேர் வந்து இறங்கினார்கள். 70 பேர் அம்மசாலிக்கைச் சேர்ந்தவர்கள், மிச்சம் மேற்குக் கரையிலிருந்து வந்த சில குடும்பங்கள்.

அம்மசாலிக் மக்கள் வெளியுலகத் தொடர்புக்கு வந்ததே 1884-ல், கப்பலுக்குப் பெயர் தந்த டேனிஷ் அதிகாரி குஸ்தாவ் ஹோல்ம் தோல்படகுகளில் அங்கே போய்ச் சேர்ந்தபோதுதான். அப்போது 413 பேர். 1894-ல் அங்கே வணிக நிலையமும் கிறிஸ்தவ மிஷனும் வந்தன. அதன்பின் ஜனம் பெருகியது, வேட்டை போதவில்லை. புது வேட்டை நிலம் கொடுத்து உதவினோம் என்று டேனிஷ் தரப்பு சொன்னதில் இவ்வளவும் உண்மை. ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதி அடுத்த பதிலில்.

நார்வேக்கு அங்கே என்ன வேலை?

நரித்தோல். நார்வே வேட்டைக்காரர்கள் இந்தக் கரையில் குடில்கள் போட்டுக் குளிர்காலம் தங்கி நரி பிடித்தார்கள். டென்மார்க்கின் அதிகாரம் மேற்குக் கரைக்குத்தான், கிழக்குக் கரை யாருக்கும் சொந்தமில்லை என்பது நார்வேயின் வாதம். 1924-ல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டு, யார் சொந்தக்காரர் என்ற கேள்வியை ஒதுக்கிவைத்தன. மிக்கெல்சன் வீடு கட்டக் கிளம்பியதும் அதே 1924-ல். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. உரிமை கோருகிறவருக்கு அங்கே வாழும் குடும்பங்களைவிட நல்ல சாட்சி ஏது?

1931 ஜூனில் நார்வே வேட்டைக்காரர்கள் சிலர் மிக்புக்டா என்ற இடத்தில் கொடியேற்றினார்கள். ஜூலை 10 அன்று நார்வே அரசே அதை ஏற்று, 71°30' முதல் 75°40' வரை தனக்குச் சொந்தம் என்று அறிவித்தது. அந்தக் கோடு எங்கே ஆரம்பிக்கிறது பாருங்கள்: ஊருக்கு ஒரு டிகிரி வடக்கே. வழக்கு ஹேக் நகரிலிருந்த நிரந்தர சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1933 ஏப்ரல் 5 அன்று டென்மார்க்குக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கிரீன்லாந்து விஷயத்தில் சிக்கல் செய்ய மாட்டோம் என்று நார்வே வெளியுறவு அமைச்சர் இலென் 1919-ல் வாய்மொழியாகச் சொன்னதும் நார்வேக்கு எதிராகத் திரும்பியது. சர்வதேசச் சட்டம் படிப்பவர்கள் இந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள்.

அப்படியானால் இது கட்டாயக் குடியேற்றம்தானே? ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்?

இதைக் கேட்பவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் கனடா. 1953-ல் கனடா அரசு இனுயிட் குடும்பங்களைத் தெற்கிலிருந்து ரெசொல்யூட், கிரைஸ் ஃபியோர்டு போன்ற தொலைவடக்கு இடங்களுக்கு மாற்றியது. வந்தவர்களுக்கு அந்த நிலம் பழக்கமில்லை, வேட்டை வேறு, இருட்டு வேறு. 2010-ல் அரசு மன்னிப்புக் கேட்டது. அதே 1953-ல் வடமேற்கு கிரீன்லாந்தில் தூலே என்ற இடத்து அமெரிக்க விமானத் தளத்துக்காக ஒரு சமூகமே இடம்பெயர்க்கப்பட்டது.

ஸ்கோர்ஸ்பி சுண்டை அந்த வரிசையில் அப்படியே வைக்க முடியாது. இங்கே வேட்டை நிஜமாகவே செழிப்பாக இருந்தது. மேலே சொன்ன திறந்த நீர் பொய் சொல்லவில்லை. ஆனால் திட்டம், நேரம், இடம் மூன்றையும் முடிவு செய்தது டேனிஷ்காரர்கள். திரும்பிப் போக நினைத்தாலும் 800 கிலோமீட்டர் ஆளில்லாக் கரை. கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்லலாம். சுதந்திரமான முடிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் அங்கே வந்தது உண்மையா, கதையா?

உண்மை. ஐரோப்பாவின் வானிலை பல நேரம் இந்தப் பக்கத்திலிருந்துதான் கிளம்பும்; அதை முன்கூட்டி அறிந்தவனுக்குப் போரில் லாபம். 1942-ல் ஒரு ஜெர்மானியக் குழு ஊருக்கு மிக வடக்கே சபீன் தீவில் ரகசிய வானிலை நிலையம் அமைத்தது. இதை எதிர்பார்த்தே 1941-ல் டேனிஷ், நார்வே, கிரீன்லாந்து ஆட்களைச் சேர்த்து நாய்ச்சறுக்குக் காவல்படை ஒன்று உருவாக்கப்பட்டிருந்தது. 1943 வசந்தத்தில் மோதல் வந்தது. எலி குனுட்சன் என்ற காவல்படை வீரர் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு மாரியஸ் யென்சன் என்பவர் ஜெர்மானியத் தலைவர் ஹெர்மன் ரிட்டரையே பிடித்து, பல நூறு கிலோமீட்டர் சறுக்குவண்டியில் ஓட்டிவந்து இந்த ஊரில் ஒப்படைத்தார். மே மாதம் அமெரிக்க விமானங்கள் சபீன் தீவு நிலையத்தைக் குண்டுவீசி அழித்தன.

இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? என்ன செய்து பிழைக்கிறார்கள்?

சுமார் 350 பேர். பள்ளி, கடை, நகராட்சி, மருத்துவ நிலையம் ஆகியவற்றில் சம்பள வேலை, அப்புறம் வேட்டை, கோடையில் கப்பலில் வரும் சுற்றுலாப் பயணிகள். வேட்டையை வெறும் பழக்கம் என்று நினைக்காதீர்கள், சீல் இறைச்சியும் கஸ்தூரி எருது இறைச்சியும் வீட்டுச் சாப்பாடு. வீட்டில் பேசுவது கிழக்கு கிரீன்லாந்து மொழி. பள்ளியில் மேற்கு கிரீன்லாந்து மொழியும் டேனிஷும். ஒரு குழந்தை மூன்று மொழிகளுக்கு நடுவில் வளர்கிறது.

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் எழாது. மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசிவரை மறையாது. இருட்டுக்காலத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று கவலைப்படுகிறவர்களுக்கு: நிலவும் பனியும் சேர்ந்தால் நாய்வண்டி ஓட்டும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும்.

சாமான், தண்ணீர், கரன்ட், ஆஸ்பத்திரி?

கனமான சாமான் எல்லாம் கோடையில் கப்பலில். வழக்கமாக வருடத்துக்கு இரண்டு கப்பல்தான். அரிசி, மாவு, சிமென்ட், எரிபொருள் என்று ஒரு வருடத்துக்கானதை அந்தச் சில வாரங்களில் இறக்கிக்கொள்ள வேண்டும். மறந்துபோனால் அடுத்த கோடை, இல்லாவிட்டால் விமானக் கட்டணம். மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில். அடிநிலம் நிரந்தரமாக உறைந்திருப்பதால் குழாய் புதைப்பது பெரிய வேலை. பல வீடுகளில் பிளஷ் டாய்லெட் கிடையாது, பை வைத்துத்தான் பயன்படுத்துகிறார்கள். பெரிய நோய் என்றால் விமானத்தில் ஏற்றி ஐஸ்லாந்துக்கோ மேற்குக் கரைக்கோ அனுப்ப வேண்டும்.

ஏர்போர்ட் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதாமே? யார் செய்த முட்டாள்தனம் அது?

யாரும் ஊருக்காக அதைக் கட்டவில்லை. 1985-ல் ஆர்கோ என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஜேம்சன் லாண்டில் எண்ணெய் தேடத் தன் வசதிக்காகக் கட்டிய ஓடுபாதை அது. எதிர்பார்த்த எண்ணெய் கிடைக்கவில்லை, நிறுவனம் கிளம்பியது, ஓடுபாதை மிஞ்சியது. ஊரைச் சுற்றி மலை, அங்கேயோ சமவெளி. நெர்லெரிட் இனாட் என்ற அந்த நிலையமே இன்றும் ஊரின் வாசல். அங்கிருந்து ஊருக்கு ஹெலிகாப்டர், கோடையில் படகு, குளிர்காலத்தில் பனி ஸ்கூட்டர் அல்லது நாய்வண்டி.

2009-ல் நிர்வாகம் மாற்றியமைக்கப்பட்டபோது ஊர் தன் சொந்த நகராட்சியை இழந்து, மேற்குக் கரையில் இருக்கும் தலைநகர் நூக்கோடு சேர்க்கப்பட்டது. நடுவில் பனிவிரிப்பு, 1,400 கிலோமீட்டருக்கு மேல். நூக்குக்குப் போக பெரும்பாலும் வேறொரு நாடான ஐஸ்லாந்தைச் சுற்றித்தான் போக வேண்டும். முட்டாள்தனம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் ஏர்போர்ட்டைச் சொல்ல மாட்டேன்.

துருவக்கரடி ஊருக்குள் வருமா?

வரும். கடல்பனி தாமதமாக உருவாகி சீக்கிரம் உடையும் ஆண்டுகளில் கரடிகள் கரையில் அதிக நாள் தங்குகின்றன, அப்போது ஊர்ப்பக்கம் மோப்பம் பிடிக்கின்றன. 2015 முதல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் உதவியோடு உள்ளூர் கரடிக் காவல் இருக்கிறது. கரடிக்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஊரைச் சுற்றிப் பார்த்துவிடுவார்கள். கரடி தென்பட்டால் சத்தம் போட்டு விரட்டுவார்கள். வேட்டைக்கும் அனுமதி உண்டு, ஆனால் 2006 முதல் ஆண்டுக்கு இத்தனை என்று வரம்பு. ஊருக்கு வெளியே துப்பாக்கி இல்லாமல் நடக்கக் கூடாது என்பது எல்லோரும் சொல்லும் புத்திமதி.

வடக்கே இருக்கும் தேசியப் பூங்காவில் மனிதர்களே இல்லையா?

நிரந்தரவாசிகள் இல்லை. 1974-ல் அறிவிக்கப்பட்டு 1988-ல் விரிவாக்கப்பட்ட அந்தப் பூங்கா 9,72,000 சதுர கிலோமீட்டர். நிலத்தில் உலகின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. வானிலை நிலையம், ஆராய்ச்சி நிலையம், ராணுவ முகாம் என்று சிலவற்றில் கொஞ்சம் பேர் முறைவைத்துத் தங்குகிறார்கள். போர்க்கால நாய்ச்சறுக்குப் படையின் வாரிசான சிரியஸ் ரோந்துப்படை டானேபோர்கிலிருந்து இயங்குகிறது. இரண்டிரண்டு பேராக நாய்களோடு மாதக்கணக்கில் கரையைச் சுற்றுவார்கள். உரிமை கோரிய கரையில் ஆள் நடமாட்டம் காட்டுவது டென்மார்க்குக்கு இன்னும் தேவையாக இருக்கிறது. ஊர்க்காரர்களில் தொழில்முறை வேட்டைக்காரர்கள் பூங்காவுக்குள் வேட்டையாடலாம்.

2023-ல் ஒன்பது நாள் பூமி அதிர்ந்தது அங்கேதானா?

பூங்காவுக்குள், ஊருக்கு வடக்கே டிக்சன் ஃபியோர்டில். 2023 செப்டம்பர் 16 அன்று மலைச்சரிவு ஒன்று நீரில் விழுந்தது. கீழே தாங்கிநின்ற பனியாறு மெலிந்ததுதான் சரிவுக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எழுந்த அலை குறுகிய ஃபியோர்டுக்குள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்க, அந்த மெல்லிய அதிர்வை உலகமெங்கும் நிலநடுக்கமானிகள் ஒன்பது நாள் பதிவு செய்தன. எல்லா தீவில் இருந்த ஆளில்லாத முகாம் சேதமடைந்தது, யாருக்கும் காயமில்லை.

ஜனத்தொகை குறைந்துகொண்டே வருகிறதே, ஊர் காலியாகிவிடுமா?

2000-களின் தொடக்கத்தில் 500-க்கு மேல் இருந்தார்கள். பக்கத்தில் இருந்த கேப் டோபின், கேப் ஹோப் என்ற இரண்டு சிற்றூர்களும் அந்தப் பத்தாண்டில் ஆளில்லாமல் போய்விட்டன. கேப் டோபினில் 60 டிகிரி வெந்நீர் ஊற்று உண்டு, அதுகூட யாரையும் பிடித்துவைக்கவில்லை. உயர்கல்விக்கு வெளியே போகும் பிள்ளைகளில் பலர் திரும்புவதில்லை. கிழக்குக் கரை நார்வால்களைப் பிடிக்கவே கூடாது என்று அறிவியலாளர்கள் பரிந்துரைப்பது வேட்டைக்காரர்களின் இன்னொரு பெரிய கவலை.

காலியாகும் என்று சொல்ல மாட்டேன். பள்ளியும் கடையும் மருத்துவ நிலையமும் மூடப்படாதவரை ஒரு குறைந்தபட்ச ஊர் நிற்கும். மூடுவதா வேண்டாமா என்ற முடிவு எடுக்கப்படும் இடம்தான் 1,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

போய்ப் பார்க்க ஆசை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா மட்டும் போதாது. கிரீன்லாந்து டேனிஷ் அரசின் கீழ் இருந்தாலும் ஷெங்கனுக்கு வெளியே. டேனிஷ் தரப்பு தரும் விசாவில் கிரீன்லாந்துக்குச் செல்லுபடியாகும் என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். ஐஸ்லாந்து வழியாகப் போய் அதே வழியில் திரும்புகிறவர் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறார். அதனால் பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள்.

படகில் ஃபியோர்டைப் பார்க்க ஆகஸ்டும் செப்டம்பர் முதல் பாதியும். நாய்வண்டிக்கு மார்ச், ஏப்ரல். தேசியப் பூங்காவுக்குள் போக முன்கூட்டியே அரசு அனுமதி வாங்க வேண்டும். திரும்பும் பயணத்தில் இரண்டு மூன்று நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், மூடுபனி வந்தால் ஹெலிகாப்டர் பறக்காது.